ஓல்ட் பெய்லி ஆன்லைன்: அடகுச் சீட்டோடு கூண்டில் நின்ற ஐரிஷ் பெண்கள்

காசு கட்ட வேண்டாம், பெயர் பதிய வேண்டாம். ஓல்ட் பெய்லி ஆன்லைன் என்று தட்டினால் போதும். 1674 முதல் 1913 வரை லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த கிட்டத்தட்ட 2 லட்சம் வழக்குகள் கண்முன்னே வந்துவிடும். எட்டு மாதமாக நான் இதில்தான் கிடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சிங்கப்பூர் தோ பாயோ நூலகத்தில், மற்ற நாட்களில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நான் தேடுவது ஒரே வகை ஆட்களை: அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போய், லண்டனில் குற்றவாளிக் கூண்டில் நின்ற பெண்களை. அவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது. என் தங்கையின் பேத்தி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். ஏதோ பாடத்துக்காக இந்தத் தளத்தில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சின்னப் பாட்டி, இந்தப் பொம்பளகிட்ட டூப்ளிகேட் இருந்துச்சுன்னு போலிஸ்காரர் சொல்றாரு. எதோட டூப்ளிகேட்னு போடவே இல்லையே?” கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். வீட்டு வேலைக்காரி ஒருத்தி. எஜமானியின் துணிமணி காணாமல் போயிருக்கிறது. அடுத்துச் சாட்சி சொல்ல வருபவர் அடகுக் கடைக்காரர். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. டூப்ளிகேட் என்றால் அடகுச் சீட்டு. ஒரு சீட்டு கடையில் இருக்கும், அதன் ஜோடி அடகு வைத்தவர் கையில் இருக்கும். அந்த ஜோடிச் சீட்டு அவளுடைய பெட்டியிலோ மடியிலோ அகப்பட்டால், வழக்கு அங்கேயே முடிந்த மாதிரிதான்.

கடைசியில் அவள் சொன்னதாக இருந்தது ஒரே ஒரு வரி. திரும்ப மீட்டு வைத்துவிடலாம் என்று இருந்தேன் என்ற கருத்தில்.

அந்த வரியை நான் முன்பே கேட்டிருக்கிறேன், தமிழில். 27 வருஷம் இங்கே கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பெயரோ ஆண்டோ சொல்லப்போவதில்லை. ஊரிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண், முப்பது வயது இருக்கலாம். வீட்டுக்காரம்மாவின் வளையல் இரண்டை அடகு வைத்திருந்தார். ஊரில் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு. குற்றச்சாட்டை நான் தமிழில் வாசித்ததும் நீதிபதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்: “எடுத்தேன்னு சொல்லாதீங்கக்கா, வச்சேன்னு சொல்லுங்க. ஆறு மாசம் தவணை இருக்கு. மீட்டுருவேன்.” சிங்கப்பூரில் அடகை மீட்க ஆறு மாதம் உண்டு. அந்த ஆறு மாதத்தை அவர் முழுசாக நம்பியிருந்தார். சொன்னதை வரிக்கு வரி மொழிபெயர்த்தேன், அதுதான் என் வேலை. சட்டப்படி அது திருட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் எடுத்தேன் என்பதற்கும் வச்சேன் என்பதற்கும் நடுவே அந்தப் பெண் பிடித்துக்கொண்டு நின்ற இடம் ஆங்கிலத்துக்குப் போகும்போது கரைந்துபோயிற்று. அந்தக் குறை என் மனசை விட்டுப் போகவேயில்லை.

அதனால்தான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஐரிஷ் பெண்கள் கூண்டில் நின்று கடைசியாகச் சொன்னதை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதுகிறேன். இதுவரை 63 ஆகியிருக்கிறது.

இந்தப் பெண்கள் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். கஞ்சித் தொட்டி முன்னால் சனம் வரிசை கட்டிய கதை. அயர்லாந்தில் அந்தக் கதை 30 வருஷம் முன்பே, 1845இல் தொடங்கிவிட்டது. ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடு. அதில் நோய் விழுந்து வருஷத்துக்கு வருஷம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்கு முன்னும் போனார்கள், பஞ்சம் தீர்ந்த பிறகும் ஐம்பது, அறுபது வருஷம் போய்க்கொண்டே இருந்தார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஆண்கள் முதலில் போவார்கள், இல்லையென்றால் குடும்பமாகப் போவார்கள். அயர்லாந்திலிருந்து கல்யாணமாகாத பெண்கள் தனியாகக் கிளம்பினார்கள். சில காலகட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். என் அப்பாயி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது தாத்தாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு என்று சொல்வார். இந்தப் பெண்களுக்குப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் லண்டனில் மட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெண்களுக்குக் கிடைத்த வேலை வீட்டு வேலை, சலவை, தெருவில் ஆரஞ்சுப்பழம் விற்பது, அறுவடைக் காலத்தில் கென்ட் பக்கம் பீருக்குச் சேர்க்கும் ஹாப் பூ பறிப்பது. பிரிஜெட் என்ற பெயரே அமெரிக்காவில் வேலைக்காரி என்று பொருள்படும் அளவுக்கு ஆகிவிட்டது.

சரி, தளத்துக்கு வருவோம். முதல் ஏமாற்றம் தேடும்போதே வரும். குற்றம் சாட்டப்பட்டவர் ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன குற்றம், என்ன தீர்ப்பு, என்ன தண்டனை என்று பிரித்துத் தேட முடியும். எந்த ஊரில் பிறந்தவர் என்று தேட முடியாது. தளத்தைச் சொல்லிப் பயனில்லை, அன்றைக்கு அச்சடித்த பதிவிலேயே அது இல்லை. ஆகவே வேறு வழியில்தான் போக வேண்டும். நான் செய்வது இது: பெண் என்று தேர்ந்தெடுத்து, முதல் பெயரில் பிரிஜெட் அல்லது ஹொனோரா, இல்லையென்றால் குடும்பப் பெயரில் சல்லிவன், டொனவன், மஹோனி, மர்ஃபி. கிடைப்பவர்கள் எல்லோரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் என்று சொல்ல முடியாது, லண்டனில் பிறந்த பிள்ளைகளும் இருப்பார்கள். பிறகு வழக்குக்குள் நுழைந்து ஐரிஷ் என்ற சொல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாட்சிகள்தான் அதைச் சொல்வார்கள்: கூட்டத்தில் ஒரு ஐரிஷ்காரி நின்றாள், அவள் பேச்சு ஐரிஷ் பேச்சு என்று. மேரி, கேத்தரின் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊரை யாரும் குறிப்பிடாமல் தண்டனை வாங்கிப் போனவர்கள் இந்த வலையில் சிக்கவே மாட்டார்கள். இந்தத் தளத்தை வைத்துக்கொண்டு ஐரிஷ் பெண்கள் இத்தனை பேர் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். பேத்தியிடமும் அதைத்தான் சொன்னேன், ஆசிரியரிடம் கேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டாள்.

இரண்டாவது, மொழி. பழைய ஆங்கிலம் என்று பயப்பட வேண்டாம். வாக்கியங்கள் எளிமையாகத்தான் இருக்கும், கடைத்தெருப் பேச்சு. சொற்கள்தான் காலை வாரும். பிராசிக்யூட்டர் என்று வந்தால் இன்றைய அரசு வழக்கறிஞர் என்று நினைத்துவிடுவோம். அந்தக் காலத்தில் பொருளைப் பறிகொடுத்தவரே வழக்குத் தொடுக்க வேண்டும், அவர்தான் பிராசிக்யூட்டர். பிரிசனர் என்றால் தண்டனை அனுபவிப்பவர் என்று அர்த்தமில்லை, கூண்டில் நிற்பவர். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் பிரிசனர்தான். நான் கைப்பேசியில் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்தேன். டூப்ளிகேட்டை நகல் என்று போட்டது. அடகுச் சீட்டு நகலாகிவிட்டால் அந்த வழக்கில் மிச்சம் என்ன இருக்கிறது? ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவரானாலும் மூலத்திலேயே படியுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் அசல் அச்சுப் பக்கத்தின் படமும் இருக்கிறது. தட்டச்சில் ஏதாவது இடறினால் படத்தைத் திறந்து சரிபார்க்கலாம். அதற்குப் பெரிய திரை வேண்டும், கைப்பேசி சரிப்படாது.

இனி நான் சொல்வது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். படிக்கத் தொடங்கி ஒரு வாரம் எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சாட்சிகள் எல்லோரும் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். நான் கதவைத் திறந்தேன், விளக்கு இருந்தது, அவள் சால்வை போட்டிருந்தாள், நான் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்று அந்த ஆள் திடீரென்று ஏன் சொல்கிறார்? யாரோ கேட்டிருக்கிறார்கள். கேள்வி எங்கே? பல வழக்குகளில் கேள்விகளைத் தூக்கிவிட்டுப் பதில்களை மட்டும் கோத்து அச்சடித்திருக்கிறார்கள். கர்னி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இங்கே சுருக்கெழுத்தாளர்களாக இருந்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் அச்சுத் தாளுக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. கோர்ட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும், பாதி விஷயம் கேள்வியில்தான் இருக்கிறது. “நீ அவளை வேலையை விட்டு அனுப்பும்போது சம்பளம் பாக்கி இருந்ததா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் அங்கே ஒரு வழக்கே மாறியிருக்கும். பதிவில் “சம்பளம் பாக்கி இல்லை” என்று மட்டும் நிற்கும். ஆகவே நான் இப்போது ஒவ்வொரு பதிலுக்கும் மேலே பென்சிலால் கேள்வியை எழுதிப் பார்க்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள், அந்த அறையில் யார் யாருக்காகப் பேசினார்கள் என்பது தெரிய வரும்.

அவளுக்காகப் பேச பெரும்பாலும் ஆளே இல்லை. 1836 வரை கடுங்குற்ற வழக்குகளில் வழக்கறிஞர் வைத்துக்கொண்டாலும் ஜூரியைப் பார்த்து அவர் வாதாட முடியாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்பது வேறு கதை. 1898இல் சட்டம் மாறும் வரை, குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லவும் முடியாது. எல்லோரும் பேசி முடித்த பிறகு, பிரிசனர்ஸ் டிஃபென்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி, அதிகம் போனால் நான்கு வரி. இதை எழுதும்போது மாவ்ல்ரா ஷோய்கே நினைவுக்கு வருகிறார். அவர் பெண்ணும் இல்லை, ஊரை விட்டுப் போனவரும் இல்லை. 1882இல் ஒரு கொலை வழக்கில், டப்ளினில் தனக்கு விளங்காத ஆங்கிலத்தில் விசாரிக்கப்பட்டு, கால்வேயில் தூக்கிலிடப்பட்டார். குற்றமற்றவன் என்று தூக்குமேடையில் ஐரிஷ் மொழியிலேயே சொல்லிக்கொண்டு நின்றார். 2018இல்தான் அயர்லாந்து ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர் அது.

திருட்டு வழக்குகளில் விலைப் பட்டியலைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். குற்றச்சாட்டின் முதல் பத்தியிலேயே வரும்: விரிப்பு ஒன்று, இத்தனை ஷில்லிங், உள்பாவாடை ஒன்று, இத்தனை பென்ஸ், கரண்டி, தலையணை உறை. ஒரு வீட்டில் துணி எவ்வளவு விலை போனது, எது இரும்புப் பெட்டியில் இருந்தது, எது கொடியில் தொங்கியது எல்லாம் அதில் தெரியும். 1713 முதல் 18ஆம் நூற்றாண்டு முடியும் வரையும் அதற்குப் பிறகும், குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் மரண தண்டனை. அதனால் ஜூரி என்ன செய்தது தெரியுமா? பொருள் கண்ணெதிரே பத்து பவுண்டு, அதாவது 200 ஷில்லிங் பெறும் என்று தெரிந்தும், 39 ஷில்லிங் பெறுமானதைத் திருடிய குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. 39 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை நான் அச்சுப் பிழை என்று நினைத்தேன். ஒரு ஷில்லிங்கைக் குறைத்து ஓர் உயிரைத் தூக்குக்குப் பதிலாக நாடு கடத்தும் கப்பலில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

சிசுக்கொலை வழக்குகளை ராத்திரியில் படிக்க வேண்டாம். நான் படித்துவிட்டு இரண்டு நாள் தளத்தைத் திறக்கவில்லை. பெரும்பாலும் வேலைக்காரப் பெண்கள். சமையலறைக்குப் பக்கத்து அறையில், நிலவறையில், யாருக்கும் தெரியாமல் தனியாகப் பெற்றவர்கள். வயிறு தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும், வேலை போனால் தங்கும் இடமும் போகும். இங்கே பணிப்பெண் கருவுற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று வேலை அனுமதி விதி இருப்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பயம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 1624இல் வந்த பழைய சட்டம், கல்யாணமாகாத பெண் பிறப்பை மறைத்து, குழந்தை இறந்திருந்தால் கொலை என்றே எடுத்துக்கொண்டது. குழந்தை செத்தே பிறந்தது என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும். அதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. குழந்தைக்கென்று முன்கூட்டியே துணி தைத்து வைத்திருந்தால், அவளுக்கு மறைக்கும் எண்ணம் இல்லை என்று ஜூரி எடுத்துக்கொள்ளும். ஒரு சின்னச் சட்டை, ஒரு தொப்பி, அதைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டினால் உயிர் பிழைக்கலாம். நம் வீடுகளில் பிள்ளை பிறக்கும் முன் துணி வாங்கக் கூடாது என்பார்கள், கண்ணேறு பட்டுவிடும் என்று. அந்தச் சட்டத்தின் முன் நம் பெண்கள் யாரும் பிழைத்திருக்க முடியாது என்று நினைத்தபோது கை நடுங்கியது. 1803இல் சட்டம் மாறிய பிறகு, கொலை நிரூபணம் ஆகாவிட்டால் பிறப்பை மறைத்த குற்றத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று ஆனது; ஜூரிகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தன. கடல் தாண்டிய நியூயார்க்கில் 1869இல் கன்னிகாஸ்திரீகள் ஒரு வாசலில் தொட்டிலை வைத்தார்கள். பெயர் சொல்லாமல் குழந்தையை அதில் விட்டுப் போகலாம்.

இந்தத் தளத்துக்கு வருகிற பலர் நேராகப் போவது கேட் வெப்ஸ்டர் வழக்குக்குத்தான். வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்துப் பெண். இளம் வயதிலேயே லிவர்பூலில் திருட்டுக்காகச் சிறை போனவர். 1879 ஜனவரியில் ரிச்மண்டில் ஜூலியா மார்த்தா தாமஸ் என்ற விதவையின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பிப்ரவரி கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள். மார்ச் 2ஆம் தேதி எஜமானியைக் கொன்று, உடலைத் துண்டாக்கி, பெட்டியில் போட்டுத் தேம்ஸ் நதியில் வீசினார். பிறகு எஜமானியின் உடைகளைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடமாடி, வீட்டுச் சாமான்களை விற்கப் பார்த்தார். அயர்லாந்தில் மாமா வீட்டில் பிடிபட்டார். தண்டனை சொன்ன பிறகு கர்ப்பமாக இருக்கிறேன் என்றார், பெண்களை மட்டுமே கொண்ட ஒரு ஜூரியைக் கூட்டிச் சோதிக்கச் சொன்னார்கள். இல்லை என்று வந்தது. ஜூலை 29 தூக்கு. அவர் மெழுகுச் சிலை மேடம் டுசோவில் நெடுங்காலம் நின்றது. 2010இல் ரிச்மண்டில், தொலைக்காட்சியில் இயற்கைப் படங்களால் பேர்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் தோட்டத்தில் மண்டை ஓடு ஒன்று கிடைத்து, அது அந்த விதவையுடையதுதான் என்று மறு ஆண்டு உறுதியானது. எல்லாம் படிக்கப் படிக்க இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைக் கடைசியாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைய பத்திரிகைகள் இந்த ஒருத்தியை வைத்து ஐரிஷ் வேலைக்காரி என்றாலே கதவைத் தாழிட வைத்தன. விரிப்பை அடகு வைத்து மீட்க முடியாமல் போனவர்களின் கூட்டத்துக்கு முன்னால் கேட் வெப்ஸ்டர் ஒரே ஒரு ஆள். கூட்டத்தை முதலில் பாருங்கள்.

தளத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. தீர்ப்போடு கதவு சாத்திக்கொள்கிறது. குற்றவாளி, வயது 22, ஏழு வருஷம் நாடு கடத்தல். அவ்வளவுதான். பிறகு அவள் என்ன ஆனாள்? இதற்குத் தனியாக டிஜிட்டல் பனாப்டிகான் என்ற இன்னொரு தளம், 2017இல் வந்தது, அதுவும் இலவசம். ஓல்ட் பெய்லியில் தண்டனை பெற்ற சுமார் 90,000 பேரைச் சிறைப் பதிவேடு, கப்பல் பட்டியல், குடிமதிப்பு என்று ஒன்றோடு ஒன்று இணைத்துத் தொடர்ந்து போகிறார்கள். பிறந்த ஊர், உயரம், கண் நிறம், கையில் உள்ள பச்சை, எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் இங்கேதான் கிடைக்கும். நான் இரண்டு தளத்தையும் இரண்டு சன்னலில் திறந்து வைத்துக்கொள்வேன். எல்லா இணைப்பும் சரியாக இருக்காது, ஒரே பெயரில் இருவர் இருந்தால் குழம்பும். வயதையும் கப்பலையும் பார்த்து நீங்களே ஒத்துப் பார்க்க வேண்டும்.

கப்பலில் போனவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண்கள் ஏறக்குறைய 25,000 பேர். ஹோபார்ட்டில் 1828இல் திறந்த கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்கு ஃபேக்டரி என்று பெயர். மலையடிவாரம், வெயில் படாத ஈரம். அங்கிருந்து வீட்டு வேலைக்கு அனுப்புவார்கள், போன இடத்தில் கர்ப்பமானால் திரும்ப அங்கேயே கொண்டுவந்து தண்டிப்பார்கள். குழந்தைகள் அங்கே ஏராளமாக இறந்தன. அயர்லாந்திலிருந்தே நேராக அனுப்பப்பட்ட பெண்கள் ஓல்ட் பெய்லியில் வர மாட்டார்கள், அவர்களுக்கு டப்ளினில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியல் இருக்கிறது. பஞ்ச காலத்தில் சிலர் நாடு கடத்தப்பட வேண்டும் என்றே தீ வைத்தார்கள், திருடினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலில் சாப்பாடு உண்டு. குற்றமே செய்யாமல் போனவர்களும் உண்டு: 1848 முதல் 1850 வரை அயர்லாந்தின் ஏழை விடுதிகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட அநாதைப் பெண் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மரப்பெட்டி. அதற்குள் உள்ளாடை ஆறு, கம்பளிப் பாவாடை இரண்டு, காலுறை ஆறு ஜோடி, செருப்பு இரண்டு ஜோடி, கவுன் இரண்டு. அதில் ஒன்று குளிருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலைக் கூண்டில் நின்ற பெண்கள் திருடியதாகச் சொல்லப்பட்ட பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அதே சாமான்கள்.

பேத்தி ஒரு நாள் கேட்டாள், “நம்ம ஆளுங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கா சின்னப் பாட்டி?” செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதல் இந்தியக் கைதிகளில் 80 பேர் மெட்ராஸ் பக்கத்தவர்கள். 1873 வரை கைதிகள் இங்கே இருந்தார்கள். 1862இல் திருநிலைப்படுத்திய அந்தக் கோயிலின் சுவரை அவர்கள்தான் எழுப்பினார்கள், சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஓல்ட் பெய்லியில் உள்ள மாதிரி அவர்களுடைய ஒரு வரி, எவராவது ஒரு பெண்ணின் ஒரு வரி, அச்சில் இருந்தால் நான் இந்த வயதில் எந்த ஊருக்கும் போய் உட்கார்ந்து படிப்பேன்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது பிறந்த ஊருக்காக. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இது பெரிய குற்றங்களுக்கான கோர்ட். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தது, சத்தம் போட்டது, 1855க்குப் பிறகு சின்னத் திருட்டு எல்லாம் கீழ்க் கோர்ட்டிலேயே முடிந்துவிடும். ஐரிஷ் பெண்கள் அதிகம் சிறை சென்றது அந்த வழக்குகளில்தான், அவை இங்கே கிடையாது.

தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: பெண், திருட்டு, 1830கள், பெயர் பிரிஜெட். முதல் பத்து வழக்குகளில் கடைசி வரியை மட்டும் படியுங்கள், பிறகு மேலே போங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது, நூலகத்தில் முடியாது. நான் வீட்டில் படிக்கிறேன். 64ஆவது வரிக்கு இன்னும் தமிழ் அமையவில்லை. எஜமானி தனக்குக் கொடுத்தது என்கிறாள் ஒருத்தி, எஜமானி கொடுக்கவில்லை என்கிறார். ‘குடுத்தாங்க’ என்று போடுவதா, ‘எடுத்துக்கச் சொன்னாங்க’ என்று போடுவதா என்று மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.